சுட்டாலும் திரும்பாத படகு

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரும் பஸ்ஸில்தான் அந்த ஐடியா வந்தது. போனில் ஒரு விமானக் கடத்தல் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கியைக் கண்டதும் விமானி விமானத்தைத் திருப்புகிறார். இருநூறு பயணிகளும் வாயே திறக்கவில்லை.

நடுவழியில் இறங்க முடியாது... ஓட்டுபவரை மிரட்டினால் போதும்... இதற்கு எதற்கு விமானம்? எங்கள் ஏரியில் ஒரு படகு போதாதா?

எனக்கு அவசரம். திங்கட்கிழமைக்குள் கல்லூரியில் ஒரு குறும்படம் ஒப்படைத்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாடத்தில் பெயில்.

வியாழக்கிழமை காலை ஏரிக்கரையில், தோணிரேவில் ஷூட்டிங். கடத்தல்காரி, என் வகுப்புத் தோழி செல்வி. இஞ்சின் படகு அவள் தாய்மாமன் மணியுடையது. ஓட்டுபவரும் அவரே. பயணிகளாக அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேர். திருவிழாவில் வாங்கிய துப்பாக்கிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தாயிற்று.

காட்சி எளிது. செல்வி மிரட்டுவாள், மணி அண்ணன் படகை வடக்கே திருப்புவார்.

கேமராவை ஓடவிட்டேன். அவள் துப்பாக்கியை நீட்டினாள். படகு நேராகவே போனது.

"மாமா, திருப்பு மாமா. சுட்டுடுவேன்."

"இன்னா சுட்டுடுவ? அங்க இன்னைக்கு கோதண்டம் பாடு."

என்ன இயல்பான நடிப்பு என்று நான் கட் சொல்லாமல் நின்றேன்.

நடிப்பு இல்லை. ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்று ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. அன்று வடக்கே கோதண்டத்தின் இறால் வலை. அவர் மனைவி லட்சுமி அக்காவோ எங்கள் படகில் பயணி.

"சுட்டா சுடட்டும் மணி, நீ திருப்பாத. எங்க வூட்டுக்காரர் வலை கீது."

"அக்கா, நீங்க பயப்படணும்" என்றேன்.

"பயந்துதான் சொல்றேன். இஞ்சின் சத்தத்துல எறா கலைஞ்சா என் வூட்ல உலை யாரு வைப்பா, நீயா?"

மணி அண்ணன் இஞ்சினை அணைத்தார்.

"ஞாயித்துக்கிழமை என் பாடு தம்பி. இன்னைக்கு இவங்க வலைகிட்ட போனேன்னு வை, ஊர்ல பேசி என் பாட்டை நிறுத்திடுவாங்க. அப்புறம் எப்ப சுத்தி வருமோ."

"ரெண்டு நிமிஷம்தான்ணே..."

"அத வலைக்குள்ள கீற எறாகிட்ட சொல்லு."

படகு சிரித்தது. கடத்தல்காரியும்தான்.

கரைக்குத் திரும்பும்போது யோசித்தேன். அந்தப் படத்தில் விமானி எப்படி அவ்வளவு சுலபமாகத் திருப்பினார்? வானத்தில் வலை போட்டுக் காத்திருப்பவர் யாருமில்லை. கடத்தல்காரர்களுக்கு அது எவ்வளவு வசதி!

திரைக்கதையை அன்றே மாற்றிவிட்டேன். மிரட்டியும் திரும்பாத படகு – அதுதான் இப்போது கதை. மீதிக் காட்சிகள் ஞாயிற்றுக்கிழமை, மணி அண்ணனின் பாடு நாளிலேயே. வலையைத் தூக்கிய பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மிரட்டிக்கொள்ளலாமாம்.

ஒரே நிபந்தனை – வலை தூக்க டைரக்டரும் தண்ணீரில் இறங்க வேண்டும்.