ஏழு டேப்பும் ஒரு வியாழக்கிழமையும்

பிரதி எடுத்து வைக்கிற பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிற வேலையில், ஒன்றும் நடக்காத வரைக்கும் நீங்கள் தண்டச் சம்பளம். ஏதாவது நடந்துவிட்டால் நீங்கள்தான் முதல் குற்றவாளி. ஏசி குளிரில் சர்வர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. திருநள்ளாற்றிலும் திருமலைராயன்பட்டினத்திலும் அதற்குக் கிளை உண்டு. மூன்று இடத்து நோயாளிகளின் பெயர், வியாதி, ஒத்துக்கொள்ளாத மருந்து, ஸ்கேன் படம் எல்லாம் காரைக்கால் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரே சர்வரில் கிடந்தன. அதற்கு நான் பொறுப்பு. சுனாமி வந்துபோன ஐந்தாவது வருஷம், ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கடல் இன்னொரு தடவை உள்ளே வந்தால் இதெல்லாம் என்னாகும் என்று கேட்டார். தினமும் டேப்பில் ஒரு பிரதி எடுக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னேன். டேப் போதாது, நல்ல மென்பொருளாக மூன்றைப் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். மூன்று கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டேன். அன்றைக்கு வரைக்கும் எனக்கு நல்ல தூக்கம் இருந்தது.

ஏழு டேப்

முதல் கம்பெனியின் இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்தார். கண்ணாடி போட்ட அமைதியான ஆள். புதுசைக் காட்டுவதற்கு முன்னால் பழசு எவ்வளவு வேகம் என்று பார்த்துவிடலாமே என்றார். நேற்றைக்குப் பதிவான ஏதாவது ஒரு நோயாளியின் விவரத்தை டேப்பிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னார். என்னிடம் ஏழு நாளைக்கு ஏழு டேப், நாள் பெயர் எழுதி ஒட்டியது. தினமும் சாயங்காலம் மாற்றி வைப்பேன். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வரும். நானும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவேன்.

திங்கள் டேப்பைப் போட்டுப் பார்த்தோம். நேற்றைய ஆள் இல்லை. செவ்வாய், புதன், வியாழன், எதிலும் இல்லை. ஏழு டேப்பிலும் இருந்தது ஒரே பட்டியல், அதுவும் இரண்டு வருஷத்துக்கு முந்தையது. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்னால் இடம் போதவில்லையென்று விவரங்களை எல்லாம் புது வட்டுக்கு, அதாவது புது ஹார்ட் டிஸ்க்குக்கு, மாற்றியது நான்தான். பழைய இடத்தில் யாரும் தொடாமல் கிடந்ததை, நான் இடம் மாற்றிச் சொல்ல மறந்துபோன டேப் இயந்திரம் தினமும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

இரண்டு வருஷத்து ஜனங்களுக்குப் பிரதியே கிடையாது. சர்வர் படுத்தால் அத்தனையும் போச்சு. அப்போதே சரியான இடத்தைக் காட்டி ஓட்டினேன். ஸ்கேன் படங்கள் பெருத்துப்போயிருந்ததால் கால்வாசியிலேயே டேப் தீர்ந்து நின்றது. வட்டில் நேரடியாகக் கையால் பிரதி எடுக்கலாமென்றால், பதிவை முழுசாக நிறுத்தினால்தான் முடியும். ஆஸ்பத்திரி எந்த நேரத்தில் மூடும்? டாக்டரிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. அந்த இன்ஜினியர் டேப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார், இத நான் பாக்கல. நீங்களும் பாக்கலன்னே வச்சுக்கங்க. ஆனா யார்கிட்ட வாங்குனாலும் சீக்கிரம் வாங்கிடுங்க."

காரைக்கால் என்றால் மூன்று பேர்

ஒரு சாமான் வாங்கும்போது சென்னைக்காரர்களைத் தங்கள் ஊருக்கு வரவழைப்பது மற்ற ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாடு. காரைக்காலுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. புதுச்சேரி மாநில வரியில் நம் ஊரில் பாட்டில் சரக்கு என்ன விலையென்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஒரு ஆள் போதும் என்று நான் எழுதியிருந்தும், இரண்டாவது கம்பெனியிலிருந்து மூன்று பேர் ஒரே காரில் வந்து இறங்கினார்கள்.

காலை பதினொன்றுக்கு வருவார்கள், இரண்டு மணிக்கு முகம் வாடும், நாளைக்குப் பார்ப்போம் என்று கிளம்பிவிடுவார்கள். எனக்கோ ஒவ்வொரு நாளும் யுகம். சர்வரின் விசிறிச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து போய்க் காதை வைத்துக் கேட்பேன். மின்சாரம் ஒரு தடவை கண் சிமிட்டினால் ஓடிப் போய்க் கதவைத் திறந்து பார்ப்பேன். இருந்தும் அவர்களை அவசரப்படுத்த முடியாது. ஏன் அவசரம் என்று கேட்டால் என்ன சொல்வது? நான் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் மூன்றாம் நாளும் பாதிக் கட்டங்கள் காலியாகவே இருந்தன. எப்போதுதான் முடியும் என்று மெதுவாகக் கேட்டேன். அவர்களில் மூத்தவர் என் தோளில் கையை வைத்துச் சொன்னார்: "இது பெரிய சாஃப்ட்வேர் சார். ரெண்டு நாள் கூடத் தங்காம இத மதிப்பிட்டா நல்லா இருக்காது."

பூவத்தில் ஒரு பரிசோதனை

மூன்றாவது கம்பெனி ஆளே அனுப்பவில்லை. ஒரு குறுந்தகடு அனுப்பியது. முப்பது நாள் இலவசமாகப் போட்டுப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்று ஒரு கடிதம். அன்றைக்கே போட்டேன். ஆஸ்பத்திரி ஓடிக்கொண்டிருக்கும்போதே தனி வட்டில் முழுப் பிரதி எடுத்துக் கொடுத்தது. இரண்டு வருஷமும் அதில் இருந்தது. குறுந்தகட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை.

ஒரு பிரதி கடலுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. சீர்காழியில் அவர் தம்பி வீடு. வாரம் ஒரு முறை வட்டைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நானே பஸ்ஸில் போவேன். பூவம் தாண்டினால் தமிழ்நாடு. காரைக்காலிலிருந்து பையோடு போகிறவன் என்றால் சோதனைச் சாவடியில் விடுவார்களா? முதல் வாரமே ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி, துண்டில் சுற்றியதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னை இறக்கிவிட்டார்.

பிரித்தார். கறுப்புப் பெட்டி. காதருகே வைத்துக் குலுக்கினார். ஏதாவது தளும்புகிறதா என்று பார்க்கிறாராம். ஐயா, குலுக்காதீங்க, அதுல ஆஸ்பத்திரியே இருக்கு என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதை மேசைமேல் ஓர் அறை அறைந்து வைத்தார். எனக்கு உயிர் போய் வந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாட்டிலா இருந்தா பாட்டில்னு எழுதலாம். இத என்னன்னு எழுதறது? எடுத்துக்கிட்டுப் போங்க."

திருநள்ளாற்றில் சனிக்கிழமை

பிரதி எடுத்தால் போதாது, அதைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. கம்பெனியின் வழிகாட்டிப் புத்தகத்தில், வார இறுதியில் கூட்டம் குறைவாக இருக்கும்போது இதைச் செய்யுங்கள் என்று போட்டிருந்தது. எழுதினவர் திருநள்ளாறு பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை சனீஸ்வரன் கோயில் கூட்டத்தில் எள் போட்டால் எண்ணெயாகும். வெறும் வயிற்றோடு வந்து, எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, வெயிலில் வரிசையில் நின்று மயங்கி விழுகிறவர்கள் பாதிப் பேர் எங்கள் கிளைக்குத்தான் வருவார்கள்.

கூட்டத்தின் நடுவில் நான் போய், கிளைப் பொறுப்பிலிருந்த கலைச்செல்வி சிஸ்டரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். ஒரு நோயாளியின் பதிவை வேண்டுமென்றே அழிப்போம், பிறகு பிரதியிலிருந்து எடுப்போம். சிஸ்டர் ஊசி மருந்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உசுரோடு இருக்கிற மனுஷன் பேரை அழிக்கிறதாவது என்றார். கடைசியில் என் பெயரையே ஒரு நோயாளியாகப் பதிந்து, என்னை அழித்து, என்னை மீட்டோம். நாலு நிமிஷம் நான் இல்லை. திரையில் என் பெயர் மறுபடி வந்தபோது நான் சிரித்தேன், சிஸ்டர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது இது: "கொளத்துல விட்ட துணியத் திரும்பிக்கூடப் பாக்காமப் போற ஊரு சார் இது. இங்க வந்து விட்டதை எடுக்கறேங்கிறீங்க. பாத்துங்க."

பெயர்ச்சி முடியட்டும்

மூன்றாவதுதான் என்று முடிவெடுத்து, மதிப்பீட்டுத் தாளை நிரப்பி, பெரிய டாக்டர் மேசையில் வைத்தேன். முப்பது நாளில் இன்னும் ஒன்பது பாக்கி. டாக்டர் ஆர்டர் கடிதத்தைப் படித்தார், நல்ல தேர்வு என்றார், பேனாவை எடுத்தார், மூடி வைத்துவிட்டார். அடுத்த வாரக் கடைசியில் சனிப்பெயர்ச்சி. பெயர்ச்சி முடியாமல் புதுசாக எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று அவருக்கு ஒரு பழக்கம். இதயத்தைத் திறந்து பார்த்துத் தைக்கிற மனுஷர். இதில் மட்டும் அசையமாட்டார்.

எண்ணிப் பார்த்தேன். இலவச நாள் புதன்கிழமை தீர்கிறது, பெயர்ச்சி சனிக்கிழமை. கம்பெனிக்குப் போன் போட்டு மூன்று நாள் நீட்டித் தரக் கேட்டேன். ஆர்டர் வந்தால் நீட்டுவோம் என்றார்கள். திரும்ப டாக்டரிடம் ஓடினேன். நடுவில் மூன்று நாள் பிரதி இல்லாமல் போகும் சார் என்றேன். டேப் இருக்கிறதே என்றார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் சார் என்றுதான் சொன்னேன். டாக்டர் சிரித்தபடி என்னை வழியனுப்பினார்: "ஏழர வருஷத்தத் தாண்டி வந்தவன் நான். மூணு நாளு உங்களால இருக்க முடியாதா?"

வெள்ளிக்கிழமை

இருக்க முடியவில்லை, எனக்கல்ல, சர்வருக்கு. வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு வட்டுக்குள்ளிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. மூன்று இடத்திலும் திரை வெள்ளையாகிவிட்டது. பெயர்ச்சிக் கூட்டத்துக்காகப் பாதிப் பேரைத் திருநள்ளாற்றுக்கு அனுப்பிவிட்டதால் வரவேற்பில் ஒரே ஒரு பெண். அவள் முன்னால் ஐம்பது பேர்.

கையிருப்பிலிருந்த புது வட்டை மாட்டினேன். புதன்கிழமைப் பிரதியைச் செருகினேன். 'உங்கள் இலவசக் காலம் முடிந்துவிட்டது' என்று திரை சொன்னது. பிரதி எடுக்கிற பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. பக்கத்தில் மீட்கிற பொத்தானைப் பார்க்கப் பயந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டேன். அது உயிரோடு இருந்தது. அழுத்தினேன். நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று ஏற ஆரம்பித்தது.

பின்னால் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். புதனோடு நிற்குமா, வியாழனை டேப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்தானே என்று கேட்டார். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. ஏழு டேப்பின் கதையை, இரண்டு வருஷத்தை, போன வாரம் சொன்ன ஆமாம் சாரை, எல்லாவற்றையும் திரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். டாக்டர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "இத எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, சனியாவது ஒண்ணாவதுன்னு அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே."

வியாழக்கிழமை

பதினோரு மணிக்கு எல்லாம் திரும்பி வந்தது, வியாழக்கிழமை ஒன்றைத் தவிர. ஒரு நாள்தானே என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். டாக்டர்கூட என் முதுகில் தட்டினார். சீட்டுகளை வைத்து அந்த நாளை மறுபடி பதிந்துகொள்ளலாம் என்றும் ஆயிற்று. வரவேற்பில் வேறு ஆள் இல்லாததால், அன்றைக்கு வர வேண்டியவர்களில் வராதவர்களை நான் போனில் கூப்பிட்டேன்.

பட்டியலில் நாலாவது, திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர். மூச்சுத் திணறல், பதினோரு மணிக்கு மறுபரிசோதனை. போனை எடுத்தது அவர் மகள். வாப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்களா, டாக்டர் இருக்கிறார் என்றேன், உற்சாகமாகவே. அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்கள். வாப்பா வியாழக்கிழமை விடியக்காலையில் உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டார்கள். வரமாட்டார்கள் என்று அன்றைக்கே மகள் எங்களுக்குப் போன் செய்து சொல்ல, எங்கள் வரவேற்புப் பெண்ணும் எழுதிக்கொண்டாளாம்.

எழுதிக்கொண்டதுதான் அழிந்துபோன நாளில் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், எங்கள் சர்வர் கெட்டுப்போய் நேற்று ஒரு நாள் மட்டும் பதிவில் இல்லாமல் போய்விட்டது, தப்பு என்னுடையது என்று உளறினேன். கோபப்படுவார்கள் என்று காத்திருந்தேன். கோபமே இல்லை. அந்த அம்மா கேட்டார்கள்: "நேத்து ஒரு நாளு மட்டும் இல்லாமப் போச்சா தம்பி? எங்க வூட்லயும் அந்த ஒரு நாளு இல்லாமப் போயிருந்தா, வாப்பா இந்நேரம் ஒங்ககிட்ட வரத்தான் கெளம்பிக்கிட்டு இருப்பாங்க."

எல்லாம் திரும்பி வந்ததும் மதிப்பீட்டுத் தாளை மறுபடி எடுத்து அந்த மென்பொருளுக்கு 'இழப்பு: ஒரே ஒரு நாள்' என்று எழுதி நல்ல மதிப்பெண் போட்டவன் நான்தான், ஆனால் அந்த ஒரே ஒரு நாள் எத்தனை பெரிசு என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.