பல் பட்ட இலை

கேளம்பாக்கத்தில் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்ததும் அப்துல் அஹத் முதலில் வாங்கியது செடிகள்தான். சிறுசேரி ஆபீஸில் நாளெல்லாம் திரையைப் பார்த்துச் சலித்த கண்ணுக்குப் பச்சை தேவைப்பட்டது. கண்ணுக்குப் பிடித்ததை எல்லாம் அள்ளி வந்தான். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதே, எது ஆகும் எது ஆகாது என்று யாரையும் கேட்கவில்லை.

ஒரு மதியம் பாப்பாவுக்கு உதடு வீங்கி எச்சிலாக ஒழுகியது. அழக்கூட முடியாமல் திணறினாள். அப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், திருவிடந்தையிலிருந்து வேலைக்கு வரும் தமிழ்ச்செல்வி. "சூடா, காரமா ஏதாவது குடுத்தாங்களா?" என்று டாக்டர் கேட்டதை அஹதின் மனைவி ஆஸ்மா பிடித்துக்கொண்டாள்.

"நான் போயி அப்டி குடுப்பனாம்மா?" என்று தமிழ்ச்செல்வி அழுதாள். ஆஸ்மா காதில் வாங்கவில்லை. அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். அபார்ட்மென்ட் முழுக்கப் பேச்சு பரவியது.

மறுநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அஹத் பார்த்தான். வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலையின் ஓரத்தில் குட்டிப் பல் தடம். செல்போனில் தேடினான். மென்றால் வாய் வீங்கும் செடி அது. ஆஸ்மாவிடம் சொல்லவில்லை. செடியைச் சாக்கில் கட்டிக் குப்பையில் போட்டான்.

"அது எங்கே?" என்றாள் ஆஸ்மா.

"பட்டுப்போச்சு."

பாப்பா தேறிவிட்டாள். "அந்தம்மாவுக்கு இங்க எந்த வூட்லயும் வேல குடுக்கமாட்றாங்க சார்" என்று வாட்ச்மேன் பேச்சுவாக்கில் சொன்ன அன்று, ஆஸ்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"பழி போட்டது நான்," என்றாள் அவள் மெதுவாக. "தெரிஞ்சும் சும்மா இருந்தது நீங்க."

இருவரும் திருவிடந்தைக்குப் போனார்கள். தமிழ்ச்செல்வி உள்ளே கூப்பிடவில்லை.

"தப்பு எங்களோடதுதான், அக்கா. மன்னிச்சு திரும்ப வாங்க," என்றான் அஹத்.

"கொயந்த நல்லா கீதா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு, "உங்க வூட்டுக்கு வரமாட்டேன் சார். எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? என்னை வேணான்னவங்ககிட்ட போயி சொல்லு."

அன்று மாலையே கதவு கதவாகத் தட்டினான். ஒவ்வொரு வீட்டிலும் செடியைப் பற்றி நடந்ததைச் சொன்னான். மூன்றாம் மாடி ஜெனிஃபர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து பால்கனிக்கு ஓடினாள். அவள் மகன் கைக்கெட்டும் உயரத்தில் அதே செடி.

இப்போது அஹத் வீட்டில் செம்பருத்தியும் புதினாவும் அரைக்கீரையும் இருக்கின்றன; ஒவ்வொன்றையும் விசாரித்த பிறகே தொட்டியில் வைத்தான். தமிழ்ச்செல்வி ஜெனிஃபர் வீட்டில் வேலை செய்கிறாள். லிஃப்டில் பார்த்தால் பாப்பா அவளிடம் தாவும். அவளும் வாரி அணைத்துக்கொள்வாள். அஹதிடம் மட்டும் பேசமாட்டாள். அவனும் அவள் முகத்தைப் பார்க்காமல் நிற்பான்.