முதற்பெயர் தெரியாது

"இழுத்துப் பாருங்க தம்பி. வெறுமனே சொன்னா ஆகாது, இழுங்க" என்கிறார் திருமூர்த்தி. ஒரு கையில் முருங்கைக்காய், மறு கையில் போன். அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் ஊரின் மௌரி அவென்யூ மளிகைக்கடையின் சனிக்கிழமைக் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. ரிச்சர்ட்சன் ஊரிலிருந்து பேசும் ஒரு வருங்கால அப்பா, கூச்சத்தோடு "ஆ...ர...பீ..." என்று இழுக்கிறார். "பாத்தீங்களா? கடைசியில ஈ நிக்குது. புள்ள மாடியில கதவச் சாத்தீட்டுப் படுத்திருந்தாலும் காதுல உழுகும். ராகத்தோட பேரு. தெகிரியமா வெச்சுருங்க." முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுகிறார்.

வயது எழுபத்தொன்று. முப்பது வருடம் சிப் சோதிக்கும் வேலை பார்த்தவர். நல்லதா, கெட்டதா என்று சொல்வது மட்டும்தான் வேலை. சரிசெய்வது வேறு ஆள். ஓய்வு பெற்ற பிறகு பெயர்களைச் சோதிக்கிறார், அதுவும் பாட்டோடு உறவுள்ள பெயர்களை மட்டும். நண்பர் ஒருவர் பேத்திக்குக் கேட்டதில் தொடங்கியது, வாட்ஸாப்பில் பரவிவிட்டது. அவருக்குப் பாடத் தெரியாது. குரல், தகரத்தைத் தரையில் இழுப்பது போலிருக்கும். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதுகிறார்: பெயர், வேர்ச்சொல், பொருள், இழுவை.

தீர்ப்புகள் சுருக்கமானவை. "கீதாவா? பாடப்பட்டதுன்னு அர்த்தமுங்க. பாடி முடிஞ்சு போச்சு. இப்பத்தான் பொறந்த குழந்தைக்கு எதுக்கு முடிஞ்சுபோன பாட்டு?" "காயத்ரின்னா, பாடறவங்களக் காப்பாத்தறவ. பாடாதவங்கள என்ன செய்வாங்கிறது எங்கயும் எழுதலீங்க." ஒரு தம்பதி இணையத்தில் தேடி 'ஆஹிரி' என்று பிடித்து வந்தார்கள். "காலையில அந்த ராகத்தப் பாடினா அன்னிக்குச் சோறு கெடைக்காதும்பாங்க. நீங்க தெனமும் காலையில அதச் சொல்லித்தான புள்ளய எழுப்போணும்? யோசிச்சுக்குங்க." அவர்கள் யோசித்து, ரஞ்சனிக்கு மாறினார்கள்.

நான்கு மாதங்களுக்கு முன் அவர் மனைவி இறந்துபோனார். அதற்குப் பிறகும் போன்கள் வருகின்றன, அவரும் பேசுகிறார், அதே குரலில். மகன் செழியனுக்கு அதுதான் தாங்கவில்லை. லிவர்மோரில் இருக்கிறான், சனிக்கிழமைதோறும் மலையைத் தாண்டி வந்து அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போகிறான். காய்கறிக் கூடையைப் பிடித்தபடி, அவர் பெயர்களை இழுப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அம்மா போனபின் எதற்குமே அவனுக்கு இரண்டு வரிக்கு மேல் பேச வருவதில்லை.

அம்மாவின் பெயர் பண்மொழி. பண் போன்ற பேச்சுடையவள். உடுமலைப்பேட்டையில் தமிழாசிரியராக இருந்த அவள் அப்பா, ஒரு சிவன் கோயில் அம்மனின் பெயரிலிருந்து எடுத்து வைத்தது. அவளுக்கும் பேச்சில் கேலி அதிகம். "இந்த ஊர்ல டிரைவ் பண்ணு, பார்க் பண்ணு, அப்ளை பண்ணுன்னு நாள் முச்சூடும் எம்பேர்ல பாதியச் சொல்றாங்க. முழுசாச் சொல்லத்தான் ஒருத்தரையும் காணோம்." அந்த ஒருத்தரில் திருமூர்த்தியும் சேர்த்தி. நாற்பது வருடமும் அவருக்கு அவள் "இந்தா புள்ள"தான்.

ஆனால் அந்தப் பெயர் மேல் அவருக்கு அளவில்லாத பெருமை. அங்கேதான் தப்பு நடந்தது. தொண்ணூற்று நான்கில் அவளுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பியது அவர்தான். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டதற்கு, "உங்க பேரப் போடுங்களேன்" என்றிருக்கிறாள். "இவ்வளவு நல்ல பேருக்கு வால் எதுக்கு புள்ள?" என்று கட்டத்தை வெறுமையாக விட்டார். அமெரிக்க விசாவுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் ஆகாது. பண்மொழியைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். காலியான முதற்பெயர்க் கட்டத்தில் மூன்று எழுத்துகள் விழுந்தன: FNU. முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்.

அந்த மூன்று எழுத்தும் அவளோடு ஒட்டிக்கொண்டன. நூலக அட்டை, கிரீன் கார்டு, பல் டாக்டரின் கோப்பு. காத்திருக்கும் அறைகளில் யாராவது வந்து "ஃபனூ?" என்று கூப்பிட்டால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். "நாந்தானுங்க அந்த அனாமத்து" என்று செழியனிடம் கண்ணடிப்பாள். சிட்டிசன்ஷிப் எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று திருமூர்த்தி சொல்லிக்கொண்டே இருந்தார். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்துவிட்டு ஓர் இளம் நர்ஸ் சொன்னாள்: "ஃபனூ. எவ்வளவு அழகான பெயர்! இதற்கு என்ன அர்த்தம்?" செழியன் ஜன்னலோரம் நின்றிருந்தான். பெயர்களுக்குப் பொருள் சொல்வதில் ஒருநாளும் பொய் கலக்காத அவன் அப்பா, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "பாட்டு என்று அர்த்தம்." நர்ஸ் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். அம்மாவுக்கு நினைவிருந்ததா என்று தெரியாது.

இறப்புச் சான்றிதழிலும் அதுவே வந்தது. திருத்த வழியிருக்கிறது, ஒரு பிரமாணப் பத்திரம். இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மகன் முதல் வாரமே போட்டுவிட்டான். அப்பாவின் இடம் நான்கு மாதமாகக் காலியாக இருக்கிறது. அவர் போடும்வரை, அரசாங்கக் கணக்கில் செத்துப்போனது பெயர் தெரியாத ஒரு பெண்.

இதற்கிடையில் சனிக்கிழமை பதினொரு மணிக்கு மருந்துக்கடையின் இயந்திரம் கூப்பிடுகிறது. அவளுடைய மருந்துச் சீட்டை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. 'எஃப், என், யு' என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, உங்கள் மருந்து தயார், வாங்கிக்கொள்வதானால் ஒன்றை அழுத்துங்கள், இந்தப் பெயரில் இங்கு எவரும் இல்லையென்றால் இரண்டை அழுத்துங்கள் என்கிறது. திருமூர்த்தி ஒன்றை அழுத்துகிறார். போய் வாங்கியும் வருகிறார். சமையலறை இழுப்பறையில் பிரிக்காத வெள்ளைக் காகிதப் பைகள் அடுக்கியிருக்கின்றன. மகன் ஒருமுறை கேட்டான். "அவளக் கூப்பிடறதுக்கு வேற யாருடா இருக்கறா?" என்றார்.

இந்தச் சனிக்கிழமை கடையிலிருந்து வந்ததும் செழியன் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"இன்னிக்குப் போட்டுருங்கப்பா."

"இருடா, காயெல்லாம் ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு வர்றேன்."

வைத்துவிட்டு வந்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். சிப் சோதித்த ஆள். எதையும் முழுதாகப் படிக்காமல் விடமாட்டார்.

"தப்பு எப்பிடி நேர்ந்துச்சுன்னு ஒரு வரி கேக்கறான் பாரு. நான் என்னத்த எழுதறது? பேரு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னா?"

"அதுதானப்பா நெசம்."

"நெசத்த எழுதற அளவுக்கு இங்க எடமில்ல."

கணவர் குடும்பப் பெயரை நிரப்பாமல் விட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்தது, சரியான முதற்பெயர். கட்டத்தின் மேல் பேனா நின்றது. எழுதுவதற்கு முன் எந்தப் பெயரையும் இழுத்துப் பார்க்காமல் அவர் இருந்ததில்லை. வாயைத் திறந்தார். "பண்... மொ..." என்று வந்தது. மேலே வரவில்லை. மறுபடி முயன்றார். இரண்டாம் முறையும் அங்கேயே நின்றது. செழியன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவர் குடிக்கவில்லை. ஆங்கிலத்தில் எட்டெழுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக, அச்சுப் போல எழுதினார். கடைசிப் பெயருக்கான கட்டத்தில் தன் பெயரைப் போட்டார்.

"அவ அன்னிக்கே சொன்னா" என்றபடி கையெழுத்திட்டார். பேனாவை மூடி வைத்தார்.

போன் அடித்தது. மணி பதினொன்று. வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். எஃப், என், யு என்றது குரல். முழுச் செய்தியையும் கடைசிவரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றிப் படிவத்தின்மேல் வைத்துவிட்டு, விரலை நீட்டி இரண்டை அழுத்தினார்.