குறை இல்லாதவர்களுக்குப் பட்டன் இல்லை

அலுவலகத்தில் அவருக்குக் ‘கச்சிதம்’ என்று பட்டப்பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பற்பசைக் குழாயை யாராவது திறந்து போட்டிருந்தால் அதை மூடிவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்றவரின் பை ஜிப் பாதி திறந்திருந்தது. பொறுக்கமுடியாமல் மெல்ல இழுத்து மூடப் போனார். திருடன் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். “மூடத்தான் வந்தேன்” என்று அவர் சொன்னதை அந்தப் பேருந்தில் ஒருவரும் நம்பவில்லை.

படித்தது தாவரவியல். கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலைக்கு இருந்தபோது, கடைக்காரர் தூக்கிப்போட்ட இரண்டு தடிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு தானாகவே புரோகிராம் எழுதக் கற்றார். ஒரு புத்தகத்தில் கடைசி அத்தியாயம் கிழிந்து போயிருந்தது. அதில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

இணையப் பக்கங்களுக்கு வேண்டிய பெட்டி, பட்டியல், பட்டன் எல்லாவற்றுக்கும் சர்வரில் கன்ட்ரோல், அதாவது அவற்றை உண்டாக்கித் தரும் புரோகிராம், எழுதுவது அவர் வேலை. யாராவது பக்கத்தைக் கேட்டால் ஒவ்வொரு கன்ட்ரோலும் தன்னை பிரவுசருக்குப் புரியும் எச்.டி.எம்.எல். ஆக எழுதி அனுப்பும். முதலில் ‘இங்கே தொடங்குகிறது’ என்று திறக்கும் டேக், நடுவில் விஷயம், கடைசியில் ‘இங்கே முடிகிறது’ என்று மூடும் டேக். நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இரண்டு டேக்கும் போகும். இது அவரை உறுத்தியது. ஆளில்லாத அறையின் கதவைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடுவானேன்? இரண்டு வாரம் உட்கார்ந்து மாற்றினார். உள்ளே காலியென்றால் திறக்கும் டேக்கிலேயே ஒரு சாய்கோடு போட்டு அங்கேயே முடித்துவிடும். எல்லாக் கன்ட்ரோலுக்கும் அதே விதி.

அதைச் சோதித்தவர் அலுவலகமே ‘பூதக்கண்ணாடி’ என்று அழைக்கும் டெஸ்டர் அம்மா. எந்தப் பெட்டியையும் காலியாக விட்டதில்லை என்பது அவருடைய பெருமை. எல்லாவற்றையும் நிரப்பிப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு சார்” என்றார்.

அந்தப் பெட்டிகளைக் கொண்டு செய்த பக்கங்களில் ஒன்று கேன்டீன் கருத்துப் படிவம். இரண்டே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரிப் பெட்டி: என்ன சாப்பிட்டீர்கள்? குறை உண்டா? குறை இல்லையென்றால் பெட்டியைக் காலியாக விடவும் என்று எழுதியிருக்கும். அடுத்த பக்கம், நீங்கள் எழுதிய குறையைப் பல வரி கொள்ளும் ஒரு பெரிய பெட்டியில் மறுபடி காட்டும். அதன் கீழே ‘அனுப்பு’ பட்டன்.

கேன்டீனை நடத்துபவர் கச்சிதத்தின் மனைவியுடைய அண்ணன். படிவம் வந்த இரண்டாம் மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“நாப்பத்தேழு பேர் எழுதியிருக்காங்க மாப்ளை. நாப்பத்தேழும் குறை. ஒண்ணுமில்லைன்னு ஒருத்தர்கூட அனுப்பலை.”

“என்னதான் மச்சான் குறை?”

“முட்டை ரொம்ப உருண்டையா இருக்காம்.”

“அதைக் கோழிகிட்ட சொல்லணும், அண்ணா” என்றாள் தங்கை.

“நீ சிரி. கரண்டி சத்தம் அதிகம்னு எழுதினாங்க. துணி சுத்தினேன். இப்போ சூப்ல நூல் கிடக்குன்னு எழுதறாங்க. வெள்ளிக்கிழமை கேன்டீன் கமிட்டி கூடுது. இப்படியே இருந்தா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம். இருபது வருஷமா கரண்டி பிடிச்ச கை இது.”

தங்கையின் சிரிப்பு நின்றது. “என்னங்க, அந்தப் பக்கம் நீங்க செஞ்சதுதானே? என்னன்னு பாக்கக்கூடாதா?”

“பாக்க என்ன இருக்கு? அது கச்சிதமா வேலை செய்யுது.”

மறுநாள் அவருக்கு டிபன் டப்பா கட்டப்படவில்லை. “எங்க அண்ணன் கையால சாப்பிட்டுட்டு வந்து பேசுங்க” என்று அனுப்பிவிட்டாள்.

சாப்பிட்டார். சூப்பில் ஒரு நூல் கிடந்தது உண்மை. மற்றபடி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. இருக்கைக்கு வந்து படிவத்தைத் திறந்து, குறைப் பெட்டியைக் காலியாக விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

பட்டனைக் காணோம். பெட்டிதான் இருந்தது, அதற்குள் எழுத்தும் கொக்கியும் கோடுமாக என்னென்னவோ கொட்டிக் கிடந்தன. உற்றுப் பார்த்தார். பட்டன் உள்ளேதான் இருந்தது, அழுத்த முடியாத வெறும் எழுத்தாக.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். “நல்லாருந்துச்சா சார்? அப்படின்னா இப்படித்தான் வரும். நாங்க மூடிட்டுப் போயிடுவோம்.”

“இத்தனை நாளா யாருமே சொல்லலையே?”

“எங்க போய்ச் சொல்றது? குறை எழுதற பெட்டியே இப்படி இருக்கு!”

கச்சிதம் பக்கத்தின் மூல வரிகளைத் திறந்து பார்த்தார். தன் சாய்கோடு அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பிரவுசர் ஒருசில டேக்குகளைத்தான் மூடும் டேக் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஒற்றை வரிப் பெட்டி அந்த வகை, பல வரி எழுதும் பெரிய பெட்டி அந்த வகையில்லை. சாய்கோட்டை அது சட்டையே செய்யாது. மூடும் டேக் வரும் வரும் என்று காத்திருந்து, வராததால் பக்கத்தின் மிச்சம் முழுவதையும் பெட்டிக்குள் எழுதிய எழுத்து என்று எடுத்துக்கொண்டது. கிழிந்த அத்தியாயம் இதைப் பற்றித்தான் இருந்திருக்க வேண்டும்.

சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். பத்தே நிமிடத்தில் செய்தும்விட்டார். ஆனால் அந்த நாற்பத்தேழு குறை அப்படியே இருக்கிறது. தான் வாயைத் திறக்காவிட்டால் மச்சான் போய்விடுவார். திறந்தால் கச்சிதம் என்ற பெயர் போய்விடும். சாயங்காலம் வரை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சர்வர் பதிவேட்டோடு கமிட்டி முன் நின்றார்.

“தப்பு சாப்பாட்டுல இல்லீங்க மேடம், என் பெட்டியில. கடைசிப் பக்கம் வரைக்கும் வந்தவங்க ஆயிரத்து முந்நூத்திப் பதினெட்டுப் பேர். குறை எழுதின நாப்பத்தேழு பேருக்கு மட்டும்தான் பட்டன் கிடைச்சிருக்கு. குறையில்லாதவங்க யாரும் அனுப்பவே முடியாது. நான் அப்படி எழுதியிருக்கேன்.”

கமிட்டித் தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அதனாலதானா? நல்லாருக்குன்னு அனுப்ப நாலு தடவை முயற்சி பண்ணேன். ஏதாவது எழுதினாத்தான் போகுதுன்னு அப்புறம் புரிஞ்சுது. எழுதறதுக்கு ஒண்ணும் கிடைக்கலை. தட்டுல முட்டை இருந்துச்சு.”

“உருண்டையா இருக்குன்னு எழுதினது நீங்களா மேடம்?”

“வேற என்ன எழுதச் சொல்றீங்க?”

கேன்டீன் மச்சானிடமே இருந்தது. பூதக்கண்ணாடிக்குத்தான் பெரிய அடி. இனி ஒவ்வொரு பக்கத்தையும் ஒருதரம் காலியாக விட்டும் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு. “கை வரமாட்டேங்குது சார்” என்று ஒரு வாரம் புலம்பினார்.

திங்கட்கிழமை குறையில்லாத முதல் படிவம் வந்தது. மச்சான் அதை அச்செடுத்து அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினார். நடுவில் ஒரு வெற்றுப் பெட்டி, வேறொன்றுமில்லை. பாத்திரம் கழுவுகிறவர் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“என்னண்ணே எழுதியிருக்கு இதுல?”

“நல்லாப் படி” என்றார் மச்சான், கரண்டியில் சுற்றிய துணியைப் பிரித்துக்கொண்டே.