மூன்றாம் அறைக்கு வெளியே ஓர் ஆணி

நான் கதை விடுகிற ஆள் இல்லை. ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். கேஸ் போயிருந்தால் போய்விட்டது என்பேன், கம்ப்ரஸர் செத்திருந்தால் செத்துவிட்டது என்பேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டிப் பேசிப் பழக்கமில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மதியம் இரண்டே முக்காலிலிருந்து மூன்றரைக்குள் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நம்பாதவர்கள் என் இடது கை விரல்களை வந்து பார்க்கலாம். இரண்டு நகங்கள் இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை.

என் தங்கையின் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். வாரம் பூராவும் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்து நொந்துபோய், ஞாயிறு வந்தால் பாழடைந்த கட்டிடம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கிளம்பிவிடுவார். கைவிட்ட குவாரி ஆபீஸ், ரயில் நிற்காத ஸ்டேஷன், கூரை போன ஆஸ்பத்திரி என்று ஊரைச் சுற்றி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "உயிரோட இருக்கற மூஞ்சியெல்லாம் எடுத்து சலிச்சுப்போச்சு மச்சான்" என்பார். வண்டி ஓட்டுவதற்கு நான். வாய் பார்ப்பதற்கும் நான்தான்.

அவருக்கு வீசிங் உண்டு. தூசி பட்டால் இழுக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்குக் கிளம்பும்போது தங்கை இன்ஹேலரை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, இவரை நம்பிக் குடுத்தா எங்கயாவது வச்சுட்டு வந்துடுவாரு. நீயே வச்சுக்கோ. ஆளை முழுசா கூட்டிட்டு வா."

நான் அதை பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். மாப்பிள்ளையின் செல்போனும் அதிலேயேதான். படம் எடுக்கும்போது போன் அடித்தால் அவருக்கு ஆகாது.

நாங்கள் போனது பைபாஸ் தாண்டி இருக்கிற பழைய கோல்டு ஸ்டோரேஜ். மூடிப் பதினோரு வருஷம். எதிரே ஒரு லாரி எடை மேடை, அதில் ஓர் ஆள். சுற்றி வேறு எதுவும் கிடையாது. நான் வேறொரு ஊரில் இதே மாதிரி கோல்டு ஸ்டோரேஜில் ஆறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். அதனால் மாப்பிள்ளைக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு நடந்தேன். இருட்டான நீள வராந்தா, வரிசையாகக் கனத்த கதவுகள். மூன்றாம் அறைக் கதவு மட்டும் திறந்திருந்தது. பக்கத்தில் சுவரில் ஓர் ஆணி.

"இது எதுக்கு மச்சான்?"

சொன்னேன். கம்பளிக் கோட்டு, குல்லா போட்டு உள்ளே போகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை இதில் மாட்டிவிட்டுத்தான் போகவேண்டும். கதவுக்குப் பக்கத்தில் சுவரைத் துளைத்து ஒரு இரும்புக் குழாய் இருக்கும். கதவைச் சாத்துகிற ஆள் வெளியிலிருந்து அதில் மூன்று தட்டு தட்டுவார். உள்ளே இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு திருப்பித் தட்டவேண்டும். தட்டின் கணக்கும் ஆணியில் இருக்கிற வில்லைகளின் கணக்கும் ஒத்துப்போனால் திறப்பார். ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ தப்பு. சூப்பர்வைசர் வருகிறவரை திறக்கமாட்டார்.

பேசிக்கொண்டே என் கை தானாக பைக் சாவியை ஆணியில் மாட்டிவிட்டது. ஆறு வருஷப் பழக்கம், வேறென்ன. "நீங்களும் எதையாவது மாட்டுங்க மாப்ள" என்றேன்.

"கேமராவையா மாட்டச் சொல்றீங்க? நல்லா இருக்கே!" என்று சிரித்தார். ஒரு செங்கல்லைக் கதவுக்கு அணை கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மணி 2.48.

உள்ளே முதலில் தப்பாகப் பட்டது தரை. வராந்தாவில் கணுக்கால் வரை புழுதி. இங்கே துடைத்துவிட்டது மாதிரி சுத்தம். பதினோரு வருஷம் மூடிக் கிடந்த அறைக்கு ஒரு நாற்றம் வேண்டுமே, அதுவும் இல்லை. நான் செல்போன் டார்ச்சை அடிக்க, அவர் படம் எடுத்துக்கொண்டே போனார். ஃபிளாஷ் போடமாட்டார். போட்டால் இடத்தின் அழகே கெட்டுவிடுமாம்.

"மச்சான்... ஏசி ஓடுதா?"

"கரண்ட் கம்பியே இல்ல. அறுத்து வித்துட்டாங்க."

"அப்ப இது என்ன?"

டார்ச் வெளிச்சத்தில் அவர் வாயிலிருந்து புகை போனது. என் வாயிலிருந்தும். நான் சுவரைத் தொட்டேன். கை ஒட்டிக்கொண்டது. மைனஸில் ஓடுகிற அறையில் மட்டும்தான் அப்படி ஒட்டும். எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில்.

"போதும். கிளம்புங்க" என்றேன்.

அப்போதுதான் செங்கல் தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. மெதுவாக. யாரோ காலால் தள்ளுகிற மாதிரி...

தொம்.

கதவு சாத்திக்கொண்டது. மணி 2.57. என் வாட்சில் ரேடியம் முள். அது மட்டும் தெரிந்தது. என் செல்போனில் சிக்னல் இல்லை, குளிரில் இரண்டு நிமிஷத்தில் அதுவும் அணைந்துவிட்டது.

கதவைத் தோளால் இடித்தேன். உள்பக்கம் இருக்கவேண்டிய கைப்பிடியை எவனோ இரும்புக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். கத்தினேன். அரை அடி தடிமன் கதவு. கத்தி என்ன பிரயோஜனம்!

மாப்பிள்ளைக்கு இழுக்க ஆரம்பித்தது.

ஹீ... ஹீ... என்று அந்தச் சத்தம். பெட்டி வெளியே. சாவியும் வெளியே. இருபது நிமிஷம் போனால் மனுஷன் தாங்கமாட்டார். தங்கை முகம்தான் கண்ணில் வந்தது.

"பேசாதீங்க மாப்ள. மெதுவா மூச்சு விடுங்க. நான் இருக்கேன்."

ஒரு கை வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது. இறுக்கமாக. பயந்துவிட்டார் பாவம் என்று தட்டிக்கொடுத்தேன்.

மணி 3.05.

டங்... டங்... டங்.

குழாய்.

வெளியிலிருந்து யாரோ கேட்கிறார்கள். எனக்கு உயிர் வந்தது. தடவிக் குழாயைக் கண்டுபிடித்து இரண்டு தட்டு தட்டினேன்.

டங். டங்.

கொஞ்சம் இடைவெளி விட்டு, என் தோளுக்குப் பின்னாலிருந்து, அதே குழாயில்...

டங்.

"மாப்ள, நீங்களா தட்டினது?"

"என் ரெண்டு கையும்... நெஞ்சுல... இருக்கு மச்சான்."

என் தோளில் இருந்த கை அசையவில்லை. அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை.

கதவு திறக்கவில்லை. மறுபடியும் மூன்று தட்டு. மறுபடியும் இரண்டு தட்டினேன். திறக்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. ஆணியில் மாட்டியிருப்பது ஒரே ஒரு சாவி. உள்ளே நாங்கள் இரண்டு பேர். கணக்கு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாமல் அது திறக்காது... அது யாராக இருந்தாலும்.

மணி 3.12.

மூன்று தட்டு வந்தது. நான் ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

டங்.

தாழ் விலகியது. கதவு ஒரு சாண், இரண்டு சாண் திறந்தது. வராந்தாவின் மங்கல் வெளிச்சம். ஒரு ஆள்தான் போகமுடியும். நான் யோசிக்கவே இல்லை. தோளில் இருந்த கையைப் பிடித்து இழுத்து, முதுகில் கைவைத்து, வெளியே தள்ளினேன்.

"பெட்டியைத் திறந்து இன்ஹேலரை எடுங்க! எனக்காக எதையாவது ஆணியில மாட்டுங்க! மாப்ள, கேக்குதா?"

கதவு என் விரல்கள்மேல் சாத்திக்கொண்டது. உயிர் போகிற வலி. பிடுங்கிக்கொண்டேன்.

இருட்டு.

போனார். தங்கைக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று இருந்தது. அந்த வலியிலும் ஒரு நிம்மதி.

பிறகுதான் கேட்டது.

ஹீ... ஹீ...

அறைக்குள்ளேயே.

நான் தனியாக இருக்கிறேன். ஆளை இப்போதுதான் வெளியே தள்ளினேன். ஆனால் அவர் மூச்சு இங்கே கேட்கிறது.

"மச்சான்..."

அவர் குரல். அச்சு அசலாக அவர் குரல்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"மச்சான்... எங்க போயிட்டீங்க..."

பதில் சொல்லாதே. சொன்னால் வந்துவிடும்.

அது தரையில் ஊர்ந்து வந்தது. துணி உரசுகிற சத்தம். ஹீ... ஹீ... கிட்டே. இன்னும் கிட்டே. என் கால் கட்டைவிரலில் ஏதோ பட்டது. காலை உதறி உதைத்தேன். "ஐயோ" என்று ஒரு முனகல்.

மணி 3.26.

டங்... டங்... டங்.

நான் தட்டினேன். ஒன்று.

டங்.

என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து, அதே குழாயில்...

டங்.

கதவு முழுசாகத் திறந்தது.

ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தா, படி, வெயில். முற்றத்தில் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால், மாப்பிள்ளை எனக்கு இரண்டடி தள்ளி மண்ணில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம்.

"இன்னுமா அடிக்கல? இன்ஹேலர் எங்க?"

"சா... சாவி..."

எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எப்படித் திரும்பி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. மூன்றாம் அறை சாத்தியிருந்தது. ஆணியில் என் சாவி. பக்கத்தில் ஒரு பித்தளை வில்லை, நம்பர் 7. நாங்கள் வந்தபோது அது இல்லை. கீழே கிடந்ததை மாப்பிள்ளை எடுத்து எனக்காக மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். மனுஷனுக்கு என்ன சமயோசிதம் என்றுகூடத் தோன்றியது.

பிழைத்துக்கொண்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள், தங்கை மருந்து வாங்கப் போன நேரத்தில் கேட்டார்.

"ஏன் மச்சான் அப்படி பண்ணீங்க?"

"எப்படி?"

"கதவு திறந்துச்சு. யாரையோ தள்ளிவிட்டுட்டு மாப்ளன்னு கத்தினீங்க. நான் சுவத்தோரமா உக்காந்திருந்தேன். கூப்பிட்டேன். நீங்க பதிலே சொல்லல. ஊர்ந்து வந்து காலைத் தொட்டா, மூஞ்சியில உதைக்கிறீங்க."

அவர் கன்னத்தில் காயம் இருந்தது. விழுந்ததில் பட்டது என்று தங்கையிடம் சொல்லியிருந்தார்.

"அப்ப என் தோளைப் பிடிச்சிருந்தது..."

"நான் உங்களைத் தொடவே இல்ல மச்சான். ஆணியில எதையும் மாட்டவும் இல்ல."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். முழுசாகக் கூட்டிக்கொண்டு வா என்று என்னை நம்பி அனுப்பிய ஆளை இருட்டில் உதைத்துவிட்டு ஓடியவன் நான். அவர் மன்னித்துவிட்டேன் என்றார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் எடை மேடைக்குப் போனேன். அந்த ஆள் என்னைப் பார்த்ததும் அவராகவே கேட்டார்.

"உங்ககூட வந்தவரு நல்லபடியா போய்ச் சேர்ந்தாரா?"

"ஆஸ்பத்திரியில இருந்தாரு. நேத்துதான் வீட்டுக்கு வந்தாரு."

"கேமராக்காரரைக் கேக்கல. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரே. மூணே கால் இருக்கும். கொளுத்தற வெயில்ல கம்பளிக் கோட்டு, குல்லா. நடுங்கிட்டே வந்தாரு. தண்ணி குடுத்தா வேணாம்னுட்டாரு. சூடா ஏதாவது இருக்கான்னாரு."

"எந்தப் பக்கம் போனாரு?"

"உங்க ஊர்ப் பக்கம்தான். நடந்தே போனாரு. ரொம்ப லேட்டாயிடுச்சு, வீட்ல தேடுவாங்கன்னாரு."

எந்த வீடு என்று எடை மேடைக்காரர் கேட்டுக்கொள்ளவில்லை.