நான் அடைக்காமல் விட்ட ஓட்டை

சுகன்யா, முத்து, நீங்கள் இருவரும் பெரியவர்களான பிறகு படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் சிரிப்பீர்கள், உங்கள் அம்மா பாதியிலேயே எழுந்து போய்விடுவாள். அப்பா பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதையும் நான் நம்பியவன் கிடையாது. போடியில் ஒரு வண்டி தானாக ஹாரன் அடிக்கிறது, உள்ளே ஆவி புகுந்துவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள், நான் போய்த் தோல் உரிந்த ஒரு ஒயரில் டேப் சுற்றினேன், ஆவி போய்விட்டது. அப்படிப்பட்ட ஆள் நான்.

முத்து, நீ பிறந்த வருஷம். செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசு பிடிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள், நானும் ஒன்று வாங்கியிருந்தேன். அல்லிநகரத்தில் இதே கார் ஏ.சி. கடைதான். அம்மா பிரசவத்துக்காகச் சுகன்யாவையும் கூட்டிக்கொண்டு சின்னமனூரில் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு ஞாயிறு, அங்கே அடுப்படிச் சுவரில் எலி பறித்த பொந்தைச் சிமெண்டு குழைத்துப் பூசப் போனேன். அம்மாச்சி ஓடி வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

"மாப்ள, வேணாம். புள்ளத்தாச்சியோட புருசன் எந்தப் பொந்தையும் அடைக்கப்படாது. எங்க வழியில ஆகாது."

"அத்தே, ஓட்டையடைக்கிறதுதான என் பொழப்பே? ஏ.சி.யில வேற என்ன வேலை இருக்கு?"

"அப்ப ஒரு மாசம் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய பழைய வெளிநாட்டு டீசல் கார் கடைக்கு வந்தது. டிரைவர் பெயர் வர்கீஸ், மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர்.

"ஆசானே, டேஷ்போர்டுக்குள்ள பாம்பு கேறிட்டுண்டு. ரெண்டு நாளா சீறுது. முதலாளி சீட்டு மேல காலைத் தூக்கி வச்சுத்தான் வர்றாரு."

"பாம்பு இல்லைங்க, வேக்குவம் லீக்."

"அது பாம்பைக் காட்டிலும் செலவு கூடுதலோ?"

அந்தக் காரில் ஏ.சி. காற்றை முகத்துக்கா காலுக்கா என்று திருப்பிவிடும் தட்டுகளை இழுப்பதற்குக் கரண்டு கிடையாது. பென்சிலைவிட மெல்லிய ரப்பர் டியூப்கள் உண்டு. எஞ்சின் ஓடும்போது அந்த டியூப்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும், உறிஞ்சுகிற வேகத்தில் தட்டு திறக்கும். எங்காவது ஒரு ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே ஏறும், அதுதான் அந்தச் சீறல். தட்டு திறக்காது, காற்றெல்லாம் முன் கண்ணாடிக்கே போகும்.

இதைக் கண்டுபிடிக்க நான் ஊதுபத்தி வைத்திருந்தேன். எஞ்சினை ஓடவிட்டு, பத்தியை ஒவ்வொரு இடமாகக் காட்டினால், ஓட்டை இருக்கிற பக்கம் புகை நூல் மாதிரி இழுபடும். அன்றைக்கும் இழுபட்டது, டேஷ்போர்டின் இடது மூலைக்கு. அங்கே மூன்று டியூப்கள். அதில் எது என்று பார்க்க எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றை உறிஞ்சுகிற கைப்பம்பை மாட்டினேன். பம்பில் கடிகாரம் போல ஒரு முள் உண்டு, ஓட்டை இருந்தால் முள் இறங்கிவிடும், இல்லாவிட்டால் அசையாமல் நிற்கும்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. உங்கள் மாமா செல்வம்.

"மாமா, அக்காவுக்கு வலி எடுத்துருச்சு. ஆசுபத்திரிக்குக் கூட்டியாந்துட்டோம். நேரமாகும்னு டாக்டரம்மா சொன்னாக. அக்கா ஒங்களத்தேன் கேக்குது, கெளம்பி வாங்க."

"அரை மணி நேரத்துல வந்துர்றேன்டா. ஒரே ஒரு ஓட்டைதான்."

இப்படிச் சொன்ன என் வாயை நான் பல தடவை திட்டியிருக்கிறேன். போயிருக்க வேண்டும். வர்கீஸ்கூட, "போய்ட்டு வா ஆசானே, வண்டி இங்கன கிடக்கட்டும்" என்றார். கை வைத்த வேலையைப் பாதியில் விட எனக்குப் பிடிக்காது.

முதல் டியூப்பைக் கிளாம்ப் போட்டு அமுக்கினேன், முள் இறங்கியது. இரண்டாவதிலும் இறங்கியது. மூன்றாவதை அமுக்கினேன், முள் ஆணி அடித்தாற்போல நின்றது; ஓட்டை அதில்தான், கிளாம்ப் அதை அடைத்துவிட்டது. பத்து நிமிஷம் நிற்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம், அதனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது.

ஒரு நிமிஷம் போயிருக்கும். முள் துடித்தது.

இறங்கவில்லை, துடித்தது. ஒரு துடிப்பு, ஒரு நிதானம், மறுபடி ஒரு துடிப்பு. என் கைதான் ஆடுகிறதோ என்று பம்பைத் தரையில் வைத்தேன், அப்போதும் துடித்தது. எஞ்சின் ஓடவில்லை. சாவி வர்கீஸின் விரலில் தொங்குகிறது. டியூப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன், நம்பினால் நம்புங்கள், மணிக்கட்டில் நாடி பிடித்த மாதிரி இருந்தது. வர்கீஸும் தொட்டார், தொட்ட கையைச் சுட்டுக்கொண்டவர் போல எடுத்தார்.

"கர்த்தாவே! இதுக்கு உயிருண்டு ஆசானே."

துடிப்புக்கு நடுவில் இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. நான் எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் ஒன்று வந்தது, அப்புறம் ஐந்துக்கு ஒன்று, அப்புறம் ஒன்பது வரை எண்ணியும் வரவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அம்மாச்சி என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிய அந்த முகம் கண் முன்னால் வந்தது. கிளாம்பைப் பிய்த்து எறிந்தேன், எறிந்த வேகத்தில் விரல் கிழிந்தது.

உடனே சீறல் வந்தது. முதலில் நீளமாக ஒரு இழுப்பு. அப்புறம் விட்டு விட்டு, ஒரே சீராக. முள் பூஜ்யத்தில் கிடக்கிறது, எஞ்சின் நிற்கிறது, அந்த டியூப்பில் காற்றை உறிஞ்ச எதுவுமே இல்லை. ஆனாலும் சீறுகிறது. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று இருபத்து நாலு.

போன் அடித்தது. செல்வம் அழுகிறான்.

"மாமா, பையன் பொறந்துட்டான். பொறந்ததும் மூச்சே இல்ல மாமா. ஒடம்பெல்லாம் நீலம். நாலு நிமிசம் என்னென்னவோ செஞ்சு பாத்தாக, அம்மா தரையில விழுந்து கும்பிடுது. நான் கதவுக்கு வெளியதேன் நின்னேன். திடீர்னு சீத்துன்னு ஒரு சத்தம். சைக்கிள் டியூப்ல காத்துப் போற மாதிரி. அதுக்கப்புறந்தேன் அழுதான்."

போன் சத்தம் வர்கீஸுக்கும் கேட்டிருக்கிறது. அவர் டேஷ்போர்டைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார்.

"முதலாளிகிட்ட நான் எந்தா பறைய?"

"சாமான் கெடைக்கலைன்னு சொல்லுங்க. வேற எவன்கிட்டயும் காட்டிராதீங்க, ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் காட்டவில்லை. முதலாளி ஏ.சி.யை விட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கிப் பழகிக்கொண்டாராம். முத்து, உனக்கு மூன்று வயதில் நெஞ்சுச் சளி முற்றி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் வர்கீஸ் போன் செய்தார். நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"ஆசானே, வண்டி ஷெட்டுல சும்மா நிக்குது. நேத்திலிருந்து அந்தச் சத்தம் ரொம்ப வேகமாக் கேட்குது, ஓடி வந்த நாய் மாதிரி. மோனுக்கு சுகம்தானே?"

நான் போனை வைத்துவிட்டு உன் கட்டிலுக்கு ஓடினேன்.

பிறகு முதலாளி வண்டியை விற்றார், வாங்கியவரும் விற்றார், வர்கீஸுக்கும் அது எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த வருஷம் ஒரு கம்ப்ரசர் தேடிக் கெங்குவார்பட்டிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். பின்பக்கம், வேலி ஓரமாக அந்தக் கார் நின்றது. சக்கரம் இல்லை. பானட்டைத் தூக்கிப் பார்த்தேன், எஞ்சினையும் பேட்டரியையும் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள், அந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. நீ அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாய், முத்து.

முன் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். காதை வைக்கக்கூடத் தேவைப்படவில்லை. இடது மூலையில், சீராக, அவசரமில்லாமல், வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. நான்கு கதவுக் கண்ணாடிகளும் இறங்கியே கிடந்தன. தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கைப்பிடியைச் சுற்றி மேலே ஏற்றினேன். கடைசிக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, மனசு கேட்காமல், ஒரு விரல்கடை அளவுக்கு இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.