வாழைச்சேனைச் சகோதரிக்காக ஒரு ஜெபம்

முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்கு வழிவிட்டால் வாவி இறங்கும். இறங்கின வாவி தன் சேற்றைக் காட்டும். அழுகின பாசி, செத்த இறால், கண்டல் வேர் எல்லாம் கலந்த ஒரு வாடை. பஸ் யன்னலால் அது முகத்தில் அடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஜெபக்கூட்டம் ஞாபகம் வரும். அந்தப் பின்னேரமும் வாவி இறங்கித்தான் கிடந்தது.

எனக்குக் களுவாஞ்சிக்குடிக் கந்தோர் ஒன்றில் கோப்புகளோடு வேலை. வீட்டுக்கு வந்தால் அடுப்பு. அதெல்லாம் முடிந்து மிஞ்சுகிற அலுத்த நேரத்தில்தான் கதை. எங்கள் சபைப் பத்திரிகைக்கு மாதம் ஒரு அத்தியாயம். கிறிஸ்தவக் கதை எழுதுகிறேன் என்றால் இலக்கியக்காரர் மெல்லச் சிரிப்பார்கள். சபைக்காரரோ, “கதை எண்டாப் பொய்தானே, கர்த்தர் உண்மையாச் செய்தத ஒரு சாட்சியா எழுதலாமே” என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டது. விடவும் ஏலவில்லை. எனக்கு வாய்விட்டு ஜெபிக்க வராது. “ஆண்டவரே” என்ற சொல்லோடு நின்றுவிடும். ஆனால் ஒரு பெண்ணைக் கற்பனை பண்ணி ஒரு முற்றத்தில் நிறுத்திவிட்டால், நான் கேட்க வேண்டியதையெல்லாம் அவள் வாயால் கேட்டுவிடுவேன். இதை அழைப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வேறு பெயரும் தெரியவில்லை.

அந்த வருடம் எழுதியது ஒரு வாழைச்சேனைப் பெண்ணின் கதை. அவளுடைய புருஷன் ஆழ்கடலுக்குப் போனவன், படகோடு திரும்பி வரவில்லை. அவள் தினமும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைப்பாள். நித்திரை வராமல் கிணற்றடியில் குந்திக்கொண்டிருப்பாள். அவளே சொல்வதுபோல, “நான், நான்” என்று எழுதியிருந்தேன். வழக்கமாகச் சாட்சிகள் வருகிற பக்கத்தில் அதைப் போட்டார்கள். தொடர்கதை என்ற சொல்லும் என் பெயரும் அச்சில் விடுபட்டுப் போயின.

வியாழக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் பெண்கள் கூடி ஜெபிப்போம். அதில் ஒரு வழக்கம் உண்டு. தன் காரியத்துக்குத் தானே ஜெபிப்பதில்லை. விண்ணப்பத்தைச் சொல்லிவிட வேண்டியது, பக்கத்தில் இருக்கிறவர் அதை எடுத்து ஜெபிப்பார். அன்று கூடினது வாவிக்கரையில் ஒரு அக்காவின் வீட்டில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவ. யுத்த காலத்தில் அவவுடைய மகனை ரோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆரம்பத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் அவனுக்காக விண்ணப்பம் சொன்னா. பிறகு சொல்வதை விட்டுவிட்டா. நாங்களும் கேட்கவில்லை.

அன்று வெகு காலத்துக்குப் பிறகு வாய் திறந்தா.

“வாழைச்சேனைச் சகோதரிக்காக ஜெபிப்பம். புரிசன் கடலுக்குப் போய் வரல்ல. சோத்த மூடி வச்சிக்கிட்டுக் கண்ணும் மூடாம இருக்கிறா பாவம்.”

பாயில் அவவுக்குப் பக்கத்தில் இருந்தது நான். எடுத்து ஜெபிக்க வேண்டியது நான்.

“அக்கா, அது கதை,” என்றேன். “நான் எழுதின கதை. அப்படி ஒருத்தர் இல்ல.”

மூலையில் இருந்த பருத்த சகோதரி நெஞ்சில் கை வைத்தா.

“அடி ஆத்தே! போன கிழமை முழுக்க முழங்கால் நோக நோக அவவுக்குத்தானே கா ஜெபிச்சன்!”

“விடு கா. கர்த்தர் அந்த ஜெபத்த வேற ஆருக்காவது குடுத்திருப்பார்,” என்றா இன்னொருவ. எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கார அக்கா சிரிக்கவில்லை. “கதையெண்டா என்ன? நீ ஜெபி புள்ள.”

கண்ணை மூடினேன். “ஆண்டவரே” என்றேன். “வாழைச்சேனையில” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவர்களே ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்தக் கதையில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. போதகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: “சனத்துக்கு நம்பிக்கை வேணும். அந்த மனுசன வீட்டுக்குக் கொண்டு வாங்க.” எத்தனை பேரை அப்படிக் கொண்டுவந்துவிட்டேன்! குடிகாரன் திருந்தினான், நோயாளி எழும்பினாள். ஒவ்வொருவரையும் முழங்காலில் நிறுத்தி முற்றுப்புள்ளி வைக்கும்போது என் கைதான் சோர்ந்தது. இந்த ஒருத்தியை அப்படி முடிக்க மனம் வரவில்லை. முடிக்காமல் விடவும் துணிச்சல் இல்லை. பிறகு நான் கொடுத்த முடிவைப் போதகர் பிடிக்காமலே அச்சுக்கு அனுப்பினார். அந்த முடிவு எனக்குக் கிடைத்தது இந்த ஜெபக்கூட்டப் பின்னேரம்தான், தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படும்போது. அக்கா வேலிக் கடப்படி வாசல் வரைக்கும் கூட வந்தா. சேற்று வாடை வீசிக்கொண்டிருந்தது.

“கடைசில அவர் வாறாரா புள்ள?”

“போதகர் வரட்டும் எண்டுறார்.”

“நீ?”

“தெரியாதக்கா. நீங்க வாசிப்பீங்களே எண்டு யோசனையா இருக்கு.”

அவ வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றா. வற்றின தண்ணீரில் ஒருவர் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்.

“வந்தா எனக்கு எரிச்சல் வரும்,” என்றா. “அவவுக்கு மட்டும் வந்திட்டு எண்டு. உள்ளதச் சொல்றன்.”

“அப்ப வராம விடவா?”

“ஐயோ, அப்பிடி எழுதிப் போடாத!”

“மறுகா நான் என்னத்த எழுதுற அக்கா?”

சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தா. பஸ் வருகிற சத்தம் கேட்டது.

“ஒரு ராவைக்கு அவவ நல்லா நித்திரை கொள்ள வையன். அது காணும், வேற ஒண்டும் வேணாம்.”

“சரி. வாறன் அக்கா.”

“போயிட்டு வா. அவ படுக்கக்குள்ள அந்தச் சோத்த மட்டும் எடுத்திராத புள்ள. அது மூடினபடி இருக்கட்டும்.”